சுவரில் ஒட்டிய விதி



 

குடவாசலிலிருந்து நம் வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த மாதப் பக்கத்துக்குக் காரணம். அவருடைய மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் பில்லியர்ட்ஸ் கூடத்தை வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். "எல்லாமே வெள்ளையா இருக்கே தம்பி, இதுல எது யாரோட பந்து?" என்று இவர் கேட்டிருக்கிறார். "எல்லாப் பந்தும் எல்லாருக்கும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவன் வகுப்புக்கு ஓடிவிட்டான். 'எல்லாருக்கும் எல்லாப் பந்தும் என்றால் சண்டை வராதா? அந்த ஆட்டத்தை எனக்குப் புரியும்படி எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. நல்ல கேள்வி. அதைத் தொடர்ந்து போனால் நம் ஊட்டிக்கும் சென்னைக்கும் வழி போகிறது. கடைசியில் நம் தெருவுக்கே வந்து சேர்கிறது.

முதலில் ஆட்டம். ரஷ்யர்கள் இதைப் பிரமிட் என்கிறார்கள். மேசை பன்னிரண்டு அடி நீளம், ஏறத்தாழ ஸ்னூக்கர் மேசையின் அளவுதான். பந்துகள் 16. அவற்றில் பதினைந்து வெள்ளை. 1 முதல் 15 வரை எண் பொறித்திருக்கும். மீதி ஒன்று மட்டும் நிறப் பந்து. பதினைந்து வெள்ளையையும் முக்கோணமாக அடுக்கி வைத்து, நிறப் பந்தால் அடித்துக் கலைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். மேசையில் ஆறு குழிகள் உண்டு; அவற்றைப் பாக்கெட் என்பார்கள். யார் முதலில் எட்டுப் பந்து போடுகிறாரோ அவர் வென்றார். இருப்பது பதினாறு, அதில் எட்டை முந்திப் பிடிப்பவருக்கு வெற்றி. கணக்கு அவ்வளவுதான்.

இதில் சில வகைகள் உண்டு. அந்த மாணவன் பார்த்தது பெரும்பாலும் 'சுதந்திரப் பிரமிட்' என்ற வகையாக இருக்கும். அதில் ஆட்டம் தொடங்கிய பிறகு எந்தப் பந்தை வேண்டுமானாலும் கியூ என்ற கோலால் அடிக்கலாம், எந்தப் பந்தை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். ஸ்னூக்கரில் அடிக்கும் பந்து ஒன்றே ஒன்று. அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் ஆட வேண்டும். சுதந்திரப் பிரமிட்டில் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு பந்தும் அடிக்கும் பந்தாகலாம். ஆகவே ஆட்டக்காரர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, எதைக் கொண்டு எதை அடிப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே வேலை. அடுத்த அடி எது என்று அவரும் மனசுக்குள் ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

நம்மவர்களை வியக்க வைக்கும் விதி இன்னொன்று. கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கர் குழிக்குள் விழுந்தால் என்ன சொல்வோம்? மைனஸ். போட்ட காயை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். ஸ்னூக்கரிலும் வெள்ளைப் பந்து உள்ளே போனால் குறைந்தது நான்கு புள்ளி எதிராளிக்குப் போய்விடும். ரஷ்ய ஆட்டத்தில், அடித்த பந்து வேறொரு பந்தில் மோதித் திரும்பிப் பாக்கெட்டுக்குள் போனால் அது வெற்றி. ஒரு பந்து போட்ட கணக்கு. நிறப் பந்தை மட்டுமே அடிக்க வேண்டும் என்ற இன்னொரு வகையிலும் இதே சலுகை உண்டு. அங்கே நிறப் பந்து மோதிவிட்டு உள்ளே போனால், ஆட்டக்காரர் மேசையிலிருந்து தமக்குப் பிடித்த ஒரு வெள்ளைப் பந்தை எடுத்துத் தம் தட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆட்டங்கள் தண்டிக்கும் காரியத்தை இந்த ஆட்டம் ஒரு வித்தையாக வளர்த்திருக்கிறது. எதிரே இருக்கும் பந்தை உள்ளே தள்ளுவதா, அதில் மோதித் தன் பந்தை உள்ளே இறக்குவதா என்ற யோசனை ஒவ்வோர் அடியிலும் உண்டு.

பந்துகளில் எண் எதற்கு என்று கேட்பீர்கள். அது பழைய வகையின் அடையாளம். அதில் ஒவ்வொரு பந்துக்கும் அதன் எண்ணே புள்ளி. 1 முதல் 15 வரை கூட்டினால் 120. ஒன்றாம் எண் பந்துக்கு மட்டும் 11 புள்ளி என்று வைத்தார்கள். கடைசியாக விழும் பந்துக்குக் கூடுதலாகப் பத்து. ஆக மொத்தம் 140. பாதி 70. எனவே 71 எடுத்தவர் வென்றார். கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லிப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இனி, இந்த ஆட்டத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். அது பாக்கெட்டின் வாய். ரஷ்யப் பந்தின் விட்டம் 68 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான், எடையில் ரஷ்யப் பந்து அதற்கு இரு மடங்கு. இவ்வளவு பெரிய பந்து போக வேண்டிய மூலைப் பாக்கெட்டின் வாய் வெறும் 72 அல்லது 73 மில்லிமீட்டர். நடுப் பாக்கெட் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அகலம் கூட. ஸ்னூக்கரில் பந்துக்கும் பாக்கெட் வாய்க்கும் நடுவே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். ரஷ்ய மேசையின் மூலையில் பந்து நேராக உள்ளே போகும்போது இரு பக்கமும் மிஞ்சும் இடம் ஒரு பொன்னி அரிசியின் குறுக்களவு. அதற்கு மேல் இல்லை. ஓர் இம்மி விலகினாலும் பந்து பாக்கெட்டின் இரண்டு உதடுகளிலும் அடிபட்டுத் திரும்பி வந்துவிடும்.

அதனால்தான் விதியில் இவ்வளவு தாராளம். எதை வேண்டுமானாலும் அடி, எதை வேண்டுமானாலும் போடு, உன் பந்தே விழுந்தாலும் உனக்கே கணக்கு என்று ஒரு கையால் கொடுக்கிறார்கள். இன்னொரு கையால் பாக்கெட்டின் வாயை இறுக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஆட்டத்தின் கவர்ச்சி இருக்கிறது. தற்செயலாக ஒரு பந்து உள்ளே போவது அரிது. விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் சரியான கோணமும் சரியான வேகமும் இருக்கும். எதிராளி போட்ட பந்தைக் கண்டு நாமும் கை தட்டத் தோன்றும். 'எல்லாருக்கும் எல்லாப் பந்தும் என்றால் சண்டை வராதா' என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: பந்து பொதுவாக இருப்பதால் சண்டை இல்லை, போட்டி முழுவதும் திறமையில் நிற்கிறது.

ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தான் எனப் பழைய சோவியத் நாடுகள் முழுவதும் இந்த ஆட்டம் பரவியிருக்கிறது. உலகப் பட்டப் போட்டிகளும் நடக்கின்றன. சிறிய மலைநாடான கிர்கிஸ்தானின் கனிபெக் சகின்பாயெவ் பல முறை உலகப் பட்டம் வென்றவர். பெண்களில் ரஷ்யாவின் டயானா மிரனோவா பல முறை வென்றிருக்கிறார்.

நம் பகுதி வாசகர்களுக்கு ரஷ்யா புதிதில்லை. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக வந்து சேர்ந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் இந்தப் பக்கத்து எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன. அந்த இலக்கியத்தின் தலைமகன் தல்ஸ்தோய் பில்லியர்ட்ஸ் மேசையை நன்றாக அறிந்தவர். பில்லியர்ட்ஸ் கூடத்தில் புள்ளிக் கணக்கு எழுதும் ஓர் ஊழியரின் வாய்மொழியாக, சூதில் சீரழிந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் ஒரு பணக்கார இளைஞனின் கதையை அவர் எழுதினார். அது 1855இல் வெளிவந்தது. ஆனாலும் 1862இல் அவரே பில்லியர்ட்ஸில் ஆயிரம் ரூபிள் தோற்றார். அந்தக் கடனை அடைக்கப் பத்திரிகை ஆசிரியர் கத்கோவிடம் பணம் வாங்கிக்கொண்டு, 'கசாக்குகள்' நாவலை அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். நாவல் மறு ஆண்டே வந்தது. இலக்கியத்துக்கு லாபம்தான். ஆனாலும் இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேசை எதுவானாலும், பணம் வைத்து ஆடத் தொடங்கிய அன்றைக்கே அது விளையாட்டாக இருப்பதை நிறுத்திவிடும்.

இப்போது ஊட்டிக்கு வருவோம். பதினைந்து பந்தை முக்கோணமாக அடுக்கி ஆடும் பிரமிட் ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் இருந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளும் பதினைந்து சிவப்புப் பந்துகளை வைத்து அதை ஆடினார்கள். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது அதிகாரி, சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. அப்படிப் பிறந்ததுதான் ஸ்னூக்கர். ரஷ்யாவில் பதினைந்தும் வெள்ளையாக நின்றன. இங்கே சிவப்போடு மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று நிறங்கள் சேர்ந்தன. இன்றைக்கும் ஸ்னூக்கர் மேசையில் பதினைந்து சிவப்பும் முக்கோணமாகத்தான் அடுக்கப்படுகின்றன. மாணவன் காட்டிய வெள்ளைப் பந்து முக்கோணத்துக்கும் டிவியில் நாம் பார்க்கும் சிவப்பு முக்கோணத்துக்கும் உறவு அதுதான்.

ஜபல்பூரில் பிறந்த ஆட்டம் அந்த ராணுவ முகாமோடு மறைந்திருக்கலாம். மழைக்காலப் பொழுதுபோக்காகக் கிளப்புகளில் முளைத்து மறைந்த ஆட்டங்கள் எத்தனையோ. இது மறையாமல் நின்றதற்கு ஒரு காரணம் ஊட்டி. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் கீழ்ப் பணியாற்ற வந்த சேம்பர்லின், கோடைக்கு ஊட்டிக்குப் போவார். அங்கே ஊட்டி கிளப்பில் ஆட்டம் சூடு பிடித்தது. ஆளுக்கொரு விதமாக ஆடியதை நிறுத்தி, 1882இல் அங்கே விதிகளை ஒழுங்காக எழுதி, பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் ஒட்டினார்கள். 1885இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தபோது, கல்கத்தாவில் சேம்பர்லினிடமே விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஆட்டம் கப்பலேறியது. 1927இல் முதல் உலகத் தொழில்முறைப் பட்டம் வெல்லப்பட்டது.

அந்தக் கிளப் அன்று வெள்ளைக்காரர்களுக்கானது. நம் ஆட்கள் அங்கே தேநீர் கொடுக்கவும் மேசைத் துணி துடைக்கவும்தான் உள்ளே போனார்கள். ஆனால் எழுதிய விதிக்கு எஜமானன் கிடையாது. எழுதப்பட்டுவிட்டால் அதை யாரும் படிக்கலாம், யாரும் ஆடலாம், அதே விதியைக் கொண்டு எழுதியவர்களையே வெல்லலாம். அண்டை ஆட்டமான பில்லியர்ட்ஸில் முதலில் அது நடந்தது: 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை வென்று மகளிர் பட்டத்தைக் கொண்டுவந்தார். ஊட்டிச் சுவரில் விதி ஒட்டிய 143ஆம் ஆண்டில் நடந்தது இது.

இதே கதை சென்னையிலும் ஒரு முறை நடந்தது. கேரம் நம் திண்ணையில் எவ்வளவு காலமாக ஆடப்படுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐப்பசி அடைமழையில் வயலுக்குப் போக முடியாத நாட்களில், குடவாசல் பக்கத்துக் கிராமங்களில் நான்கு பேர் கூடினால் போரிக் பவுடர் தூவிய பலகை தானாக வந்து நடுவில் உட்காரும். ஒரு தெருவில் ரெட் போட்டால் ஃபாலோ கட்டாயம்; அடுத்த தெருவில் வேறு வழக்கம். ஒருவர் விரலால் சுண்டுவார், இன்னொருவர் தள்ளுவார். 1988 அக்டோபர் 15 அன்று சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு சென்னையில் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே உலகம் முழுமைக்குமான விதிகளும் வகுக்கப்பட்டன. ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம், குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் 3.18 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வந்தது.

எழுத்தில் வந்ததால் என்ன ஆயிற்று? சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்றார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். சென்னையில் பழகியதும் அமெரிக்காவில் ஆடியதும் ஒரே விதி என்பதால்தான் அந்தப் பெண்ணால் நம்பிக்கையோடு விமானம் ஏற முடிந்தது. விதி மாறிக்கொண்டே இருந்திருந்தால், ஊருக்குள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் ஊருக்கு வெளியே அவர் திறமைக்கு அளவுகோல் இருந்திருக்காது.

ஆக, உலகம் ஆடும் இரண்டு மேசை ஆட்டங்களுக்கு நம் தமிழ்நாட்டில்தான் விதி எழுதப்பட்டது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அப்படியானால் நம் கோலிக்கு என்ன ஆயிற்று?

பில்லியர்ட்ஸும் பிரமிட்டும் செய்வதை எல்லாம் கோலியும் செய்கிறது. ஓர் உருண்டையால் இன்னோர் உருண்டையை அடிக்கிறோம். குழிக்குள் போடுகிறோம். அடித்த கோலி எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறோம். மேசை இல்லை, மண்தரை. கியூ இல்லை, நடுவிரல். பேந்தா என்ற கோலி ஆட்டத்தில் தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு போன காட்சியைப் பார்க்காத ஐம்பது வயதுக்காரர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆனால் ஊருக்கு ஒரு பேந்தா, தெருவுக்கு ஒரு குழிக்கணக்கு. எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆடியவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நேரமும் இல்லை, தெருவில் மண்ணும் இல்லை. இன்னும் ஒரு தலைமுறை போனால், கோலி என்பது சோடா பாட்டிலின் கழுத்தில் கிடக்கும் கண்ணாடி உருண்டை என்று மட்டுமே நினைத்துக்கொள்வார்கள்.

இங்கிலாந்தில் டின்ஸ்லி கிரீன் என்ற ஊரில் 1932 முதல் கோலிக்கு உலகப் பட்டப் போட்டி நடக்கிறது. ஆறடி வட்டத்தில் மணல் தூவி, 49 கோலிகளைக் குவித்து வைத்து, வெளியே அடித்துத் தள்ளுகிறார்கள். 25 கோலியை முதலில் தள்ளும் அணி வென்றது. பிரமிட்டின் 71 போலவே இங்கும் பாதியைத் தாண்டியவருக்கு வெற்றி. விதி அவ்வளவு சின்னது. எழுதி வைத்து, ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று கூடி ஆடுகிறார்கள். வெளிநாட்டு அணிகளும் வருகின்றன. நம் பேந்தா அதைவிட நுட்பமான ஆட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நுட்பத்தில் நாம் குறைந்தவர்கள் இல்லை. எழுதி வைப்பதில்தான் பின்தங்கிவிட்டோம்.

எனவே இந்த மாதம் உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது. கேரம் பலகையில் ஒரு நாள் ரஷ்ய விதியில் ஆடிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, ரெட் என்ற பாகுபாடு வேண்டாம்; 19 காயும் இருவருக்கும் பொது. பத்துக் காயை முதலில் போட்டவர் வென்றார். ஸ்டிரைக்கர் ஒரு காயில் மோதிய பிறகு குழிக்குள் போனால் மைனஸ் கிடையாது. பலகையிலிருந்து ஒரு காயை எடுத்துக்கொள்ளலாம். பழகிய பலகை திடீரென்று புதிய ஆட்டமாகத் தெரியும். கடிதம் எழுதிய குடவாசல் அம்மா, மகன் விடுமுறைக்கு வரும்போது அவனை எதிரே உட்கார வைத்து இந்த ஆட்டத்தில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது, நீங்கள் எழுதி அனுப்ப வேண்டியது. உங்கள் தெருவில் ஆடிய கோலி ஆட்டம் ஒன்றின் விதியை முழுமையாக எழுதுங்கள். எத்தனை பேர் ஆடினீர்கள், கோடு எப்படிக் கிழித்தீர்கள், குழிக்கும் கோட்டுக்கும் எத்தனை அடி, யார் முதலில் ஆடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள், எது புள்ளி, எது தப்பு, தப்புக்கு என்ன தண்டனை, எப்போது ஆட்டம் முடிந்தது. இவ்வளவும் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பிள்ளை உங்கள் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு ஆடத் தொடங்க முடிய வேண்டும். அதுதான் நல்ல விதியின் இலக்கணம். நினைவு மங்கியிருந்தால் உடன் ஆடிய அண்ணனையோ சித்தப்பாவையோ கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் ஆடிய பாண்டி, பல்லாங்குழி, தாயம் இவற்றின் ஊர் வழக்கங்களையும் அனுப்பலாம். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.

வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம். பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள், பிள்ளைகளை மைதானத்தில் இறக்குங்கள். அடுத்த பொங்கல் விளையாட்டுப் போட்டியில் உங்கள் ஊரிலும் கோலிக்கு ஓர் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்